ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் டெல்சன்

கொடகரையில் பேக்கரி மாடியில் இரண்டே கடைகள். படியேறினால் இடது கைப் பக்கம் என் தையல் கடை, வலது கைப் பக்கம் டெல்சனின் கம்ப்யூட்டர் கடை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. என் தையல் மெஷின் ஓடாத நேரத்தில் அங்கே யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். குழித்துறையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். இப்போது கனவுகூட மலையாளத்தில்தான் வருகிறது, திட்டுவது மட்டும் தமிழில். அந்தத் திட்டில் பாதியை டெல்சன்தான் வாங்கியிருப்பான்.

அவனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றபோது அவன் தலை நிமிரவில்லை. ஏதோ ஒரு லாப்டாப்பின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான்.

"என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க சேச்சி. அடுத்தவங்க ஃபோல்டரை மட்டும் திறக்காதீங்க" என்றான்.

அடுத்தவர் ஃபோல்டர் ஒன்று இதில் வரத்தான் செய்கிறது. அதற்குச் சொந்தக்காரியிடம் போனில் கேட்டேன். பெயரை மாற்றிவிடவா என்றும் கேட்டேன். "எதுக்கு சேச்சி? இப்ப மறைக்க ஒண்ணும் இல்ல, தாராளமா எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

டெல்சனுக்கு நாற்பத்தாறு வயது. பாலிடெக்னிக் படித்துவிட்டு முதலில் எர்ணாகுளத்தில் ஒரு ரிப்பேர் கடையில் வேலைக்குப் போனான். மூன்று மாதம் இருந்திருப்பான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பெண்ணின் படங்கள். டெல்சன் கை கழுவினான், பையை எடுத்தான், பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான். அந்த மாதச் சம்பளத்தைக்கூடப் போய் வாங்கவில்லை. பிறகுதான் இந்த மாடியில் கடை போட்டான்.

கடை போட்ட அன்றே ஒரு முக்காலியும் வாங்கிப் போட்டான். கம்ப்யூட்டரைக் கொண்டுவருகிறவர் அதில் உட்கார வேண்டும். வேலை முடியும்வரை எழுந்து போகக் கூடாது. போனால் இவன் மெஷினிலிருந்து கையை எடுத்துவிடுவான். "வச்சிட்டுப் போறேன், சாயங்காலம் வாங்கிக்கறேன்" என்ற பேச்சே நடக்காது. பாஸ்வேர்டு கேட்கிற இடம் வந்தால் இவன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கீழே பேக்கரி போர்டைப் பார்ப்பான். பத்தொன்பது வருஷமாக அதே போர்டு. அதில் எத்தனை பல்பு எரிகிறது, எத்தனை அணைந்திருக்கிறது என்று அவனைக் கேட்டால் சொல்வான்.

ஒரு தடவை கல்யாணப் படங்கள் எல்லாம் அழிந்துபோய் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு வந்தான். டெல்சன் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தான்.

"எல்லாம் வந்துடுச்சான்னு நீங்களே பார்த்திருக்கலாமே சேட்டா" என்றான் அவன்.

"அளவைப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. முகத்தைப் பார்க்க வேண்டியது நீ."

இதைக் கேட்டு நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் சிரித்தேன். ஆனால் எனக்கு இது புரியாத விஷயம் இல்லை. என்னிடம் ஒரு அளவு நோட்டு இருக்கிறது. ஊர்ப் பெண்கள் பாதிப் பேரின் மார்பும் இடுப்பும் அதில் இருக்கின்றன. யாருக்கு எப்போது கூடியது, யாருக்கு எப்போது குறைந்தது என்று வீட்டுக்காரர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். அந்த நோட்டை என் புருஷன்கூடத் தொட்டதில்லை.

கம்ப்யூட்டருக்குப் புதிதாக மென்பொருள் ஏற்றும்போது அது ஆயிரம் கேள்வி கேட்கும். நீ இருக்கும் இடத்தைக் கம்பெனிக்குச் சொல்லவா, நீ தட்டுவதைக் கவனிக்கவா, உன் பெயரில் விளம்பரம் காட்டவா என்று. ஊரில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சரி சரி என்று அழுத்துவார்கள். இவன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, முக்காலியில் இருப்பவரிடம் கேட்டு, வேண்டாம் என்று அழுத்துவான்.

"நீ பெண் பார்க்கப் போனப்ப ஜின்ஸிகூட இத்தனை தடவை வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டாடா" என்று நான் கத்துவேன். ஜின்ஸி அவன் மனைவி.

"அவ கேள்வி கேட்டுட்டுத்தான் உள்ளே வந்தா சேச்சி. இது கேட்காமலே வருது."

இப்படிப்பட்டவன்தான் அந்தத் தப்பைச் செய்தான். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

புதிதாக வந்த மென்பொருள், ஈமெயில் அக்கவுண்ட் ஒன்றைக் கொடுத்தால்தான் கதவையே திறந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அக்கவுண்ட் கிடையாது. இருப்பவர்களுக்குப் பாஸ்வேர்டு நினைவில் இருக்காது. பங்குச் சாமியார் செபாஸ்டின் அச்சன் மூன்று முறை புதிதாக ஆரம்பித்து மூன்றையும் மறந்தார். ஹோமியோ டாக்டர் சீட்டில் எழுதி வைத்து, சீட்டைத் தொலைத்தார். டைல்ஸ் கடை ரோயி, "எனக்கெதுக்குடா அக்கவுண்ட்டும் கிக்கவுண்ட்டும்? நீயே ஒண்ணு போட்டுக் கொடு" என்றார். டெல்சன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பெயரில் ஒரே ஒரு அக்கவுண்ட் உண்டாக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே போட்டுக் கொடுத்தான். ஊரில் எல்லாக் கம்ப்யூட்டர் கடைக்காரனும் செய்வதுதான். மொத்தம் பதினொரு மெஷின். ஒவ்வொன்றிலும் 'உன் கோப்புகளைக் கம்பெனியின் கிடங்கில் சேர்த்து வைக்கவா' என்ற இடத்தில் வேண்டாம் என்று அழுத்தியும் இருந்தான்.

பிறகு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அது வந்துபோனதில், வேண்டாம் என்றிருந்தது எல்லாம் தானாகவே வேண்டும் என்று மாறிக்கொண்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை அச்சன் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"டெல்சா, எனக்கு முட்டுவலி உண்டா?"

"எனக்கெப்படித் தெரியும் அச்சோ?"

"என் கம்ப்யூட்டருக்குத் தெரியுதே. முட்டுவலி, மூலம், தூக்கமின்மை. நாற்பது பேரோடது வரிசையா இருக்கு. பாவமன்னிப்புக் கேட்க வர்றவங்ககூட இவ்வளவு விவரமா சொல்றதில்லப்பா. ரெண்டு வரி படிச்சேன். மூணாவது வரியில தெரிஞ்ச ஆள். மூடிட்டேன்."

டெல்சன் தன் லாப்டாப்பைத் திறந்து பார்த்தான். பதினொரு வீட்டுக் கோப்புகளும் ஒன்பது நாளாக அந்த ஒரே அக்கவுண்ட்டுக்குள் வந்து குவிந்திருந்தன. ஒரே அக்கவுண்ட் என்பதால் கம்பெனிக்குப் பதினொரு பேரும் ஒரே ஆள். குவிந்ததையெல்லாம் பதினொரு வீட்டுக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அச்சன் மெஷினில் டாக்டரின் நோயாளிகள், டாக்டர் மெஷினில் அச்சனின் பிரசங்கம், ரோயியின் மெஷினில் எல்லாரும்.

சத்தம் போடாமல் சரிசெய்துவிடலாம் என்று முதலில் நினைத்தான். மனிதன்தானே. டாக்டரின் ஃபோல்டரைத் தன் லாப்டாப்பிலிருந்து அழித்தான். ஐந்து நிமிடத்தில் டாக்டர் போனில் அலறினார், எல்லாம் போச்சு என்று. ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்தது, சொந்தக்காரர் மெஷினிலும் சேர்த்து. மீட்டுப் போட்டுவிட்டு, அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை மாற்றினான். அதோடு போக்குவரத்து நின்றது. ஆனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது போய்ச் சேர்ந்ததுதான். பதினொரு வீட்டுக்கும் நேரில் போய்க் கையால் அழித்தால்தான் உண்டு.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

"என்னடா, சாவு வீடு மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னான்.

"பதினொரு வீட்டுக்கும் ஒரே சாவி செஞ்சு குடுத்தியா? அறிவு இருக்காடா உனக்கு?"

"இல்ல சேச்சி" என்றான். அதற்கு மேல் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு இடத்துக்கு இப்பவே போகணும். நீங்களும் வரணும். நான் தனியா நின்னு பேசினா அதுவே ஒரு கதையாயிடும். ஆனா நீங்க தள்ளி நிக்கணும். என்ன ஏதுன்னு கேட்கக் கூடாது" என்றான்.

நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் நர்சிங் ஹோமுக்குப் போனோம். அவன் கூப்பிட்டு அனுப்பியது லிஜியை. எனக்கு நன்றாகத் தெரிந்த பெண், யூனிபார்ம் நான்தான் தைக்கிறேன். ஒரு வருஷத்தில் இடுப்பளவு மூன்று அங்குலம் குறைந்திருந்தது. புருஷன் மஸ்கட்டில். இவள் புருஷனின் அண்ணன் வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அந்த அண்ணன்தான் டைல்ஸ் கடை ரோயி.

நான் மாமரத்தடியில் தள்ளி நின்றேன். அவன் பேசப் பேச அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பிறகு அவளே என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

"சேச்சியும் கேளுங்க. யாராவது ஒருத்தராவது என் பக்கம் இருக்கணும்."

விஷயம் இதுதான். லிஜிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை. எட்டு மாதமாக மொழி படித்து, பரீட்சை எழுதித் தேறி, ஆஸ்பத்திரிக் கடிதமும் வந்தாயிற்று. விசாவுக்குத் தூதரகம் கூப்பிட இன்னும் மூன்று வாரம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை கேட்டபோது, அம்மாவை யார் பார்ப்பது என்று ரோயி மறுத்திருந்தார், புருஷனும் தலையாட்டியிருந்தான். அக்கவுண்ட் தொடங்கக் கேட்கும் கைபேசி எண்கூட இவளுக்கு ரோயி பெயரில்தான். அதனால்தான் பழைய லாப்டாப் ஒன்றை வாங்கி, "என் பேர்ல ஒண்ணும் வேண்டாம்" என்று டெல்சனிடம் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்காமல் அவன் தன் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"என் அம்மாகிட்டகூட நான் சொல்லல" என்றாள் லிஜி. குரலை உயர்த்தவில்லை. "நீங்க கொண்டுபோய் ரோயிச் சேட்டன் கடைத் திரையில மாட்டி வச்சிட்டீங்க."

"ஆமா" என்றான் டெல்சன்.

"பார்த்துட்டாரா?"

"பார்த்திருந்தா இந்நேரம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஃபோல்டர் மேலே உன் பேரும் ஜெர்மனின்னும் இருக்கு. நான் அது மட்டும்தான் பார்த்தேன், உள்ளே போகல."

"அப்ப அவர் பார்க்காம அழிச்சிடுங்க."

டெல்சன் தரையைப் பார்த்தான். "சொந்தக்காரர் பக்கத்துல இல்லாம நான் ஒரு மெஷினையும் தொட்டதில்ல லிஜி."

"அது அவர் மெஷின். ஃபோல்டர் என்னோடது" என்றாள் அவள். "அதுக்குச் சொந்தக்காரி நான். நான் சொல்றேன், அழிங்க."

அங்கிருந்து நேரே ரோயி கடைக்குப் போனோம். டைல்ஸ் கடை வாசலில், "எனக்குப் பொய் சொல்ல வராது சேச்சி" என்றான்.

"நீ சொல்ல வேண்டாம். நான் எதுக்கு வந்திருக்கேன்?"

ரோயி கெட்டவர் இல்லை. வீட்டில் எல்லாரையும் தன் சொல்லுக்குள் வைத்துக் காப்பாற்றுவதாக நினைக்கும் மனிதர், அவ்வளவுதான். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பெரிய திரை. குளியலறை இப்படி இருக்கும், சமையலறை இப்படி இருக்கும் என்று வருகிறவர்களுக்கு அதில்தான் படம் காட்டுவார். திரை முழுக்க ஃபோல்டர்கள். மூன்றாவது வரிசையில் லிஜி.

"வாடா டெல்சா. என்ன இது, திரை பூராப் பெருநாள் கூட்டம்? ஒரு வாரமா என் டைல்ஸை நானே தேடி எடுக்கிறேன். கண்ணாடி வேற வீட்டுல விட்டிருந்தேன், இன்னிக்குத்தான் எடுத்து வந்தேன்."

"என் தப்பு ரோயிச் சேட்டா. மத்தவங்களோடது கொஞ்சம் இங்க வந்துடுச்சு. அழிக்கணும்."

"அழி அழி." ரோயி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு ஸ்டூலை இழுத்தார். "உன் சட்டப்படி நான் பக்கத்துல உட்காரணுமே."

டெல்சனின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவனுடைய சட்டமே அவன் கழுத்தைப் பிடித்தது.

"ரோயி, எனக்குக் குளியலறைக்கு டைல்ஸ் வேணும்" என்றேன் நான்.

"சேச்சிக்கா? நீங்க வாடகை வீடாச்சே."

"வாடகை வீட்டுக்காரி குளிக்கக் கூடாதா? திரையில காட்டாத, கையில தொட்டுப் பார்க்கணும். கிடங்கைத் திற."

"இவன் முடிக்கட்டும்."

"நான் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். இப்ப காட்டினா வாங்கறேன், இல்லேன்னா சாலக்குடில போய் வாங்கிக்கறேன்."

சாலக்குடி என்றதும் எழுந்துவிட்டார். கிடங்கில் பச்சை காட்டினார், பாசி மாதிரி இருக்கிறது என்றேன். வெள்ளை காட்டினார், ஆஸ்பத்திரி மாதிரி என்றேன். பூப்போட்டது காட்டினார், நைட்டித் துணி மாதிரி என்றேன். கால் மணி நேரம் அந்த மனிதரைப் பெட்டி தூக்க வைத்தேன். கடைசியில் நான்கே நான்கு டைல்ஸ் வாங்கினேன். அவை இன்றும் என் தையல் மெஷின் காலுக்கடியில் கிடக்கின்றன.

திரும்பி வந்தபோது திரை காலியாக இருந்தது. ரோயியின் டைல்ஸ் படங்கள் மட்டும். எனக்கு மூச்சு வந்தது. வா போகலாம் என்று கண் காட்டினேன். அந்த மடையன் எழுந்து நின்று சொன்னான்:

"ரோயிச் சேட்டா, நீங்க இல்லாதப்பவே அழிச்சிட்டேன். உங்களோடது எதையும் தொடல. ஆனா நீங்க இல்லாம செஞ்சது தப்பு. சொல்லிடணும்னு தோணுச்சு."

ரோயி திரையைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "யாரோடதுடா?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"என்னோடதுல என்ன பார்த்தே?"

"ஒண்ணும் பார்க்கல."

"பார்க்காம எப்படிடா அழிச்சே?"

டெல்சன் வாசலைப் பார்த்து நடந்தான். பதில் சொன்னால் லிஜியின் விஷயம் வெளியே வந்துவிடும்.

மற்ற வீடுகளுக்கும் போய், சொந்தக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழித்தான். உங்கள் கோப்புகள் ஒன்பது நாள் மற்றவர் வீட்டில் கிடந்தன, தப்பு என்னுடையது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். அச்சன் சிரித்துக்கொண்டே நான்காவது பாஸ்வேர்டுக்கு உட்கார்ந்தார். ஹோமியோ டாக்டர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அது நியாயம், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சந்தையில் கிளம்பியது வேறு கதை. ஆள் இல்லாத நேரம் பார்த்து டெல்சன் எதையோ அவசரமாக அழித்தான் என்று ரோயி சொல்ல, அது மீன்கடை போய்ச் சேர்வதற்குள் டெல்சன் பெண்களின் படங்களைச் சேர்த்து வைத்திருந்தான் என்று ஆகிவிட்டது. எர்ணாகுளத்தில் எந்த மேஜையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தானோ, அந்த மேஜையில் அவனையே உட்கார வைத்துவிட்டார்கள். கல்லூரிப் பெண்கள் மாடி ஏறுவது நின்றது. ஏறினாலும் என் கடைக்கு வந்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கினார்கள். முக்காலி காலியாகவே கிடந்தது.

ஒரு நாள் ஜின்ஸி என்னிடம் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நான் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார் சேச்சி. நீங்க கூடப் போனீங்களாமே. நிஜமா என்ன அழிச்சார்?"

குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தெரியாது என்று தலையாட்டினேன். அவள் போனதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. தடுப்பைத் தட்டினேன்.

"பொண்டாட்டிகிட்டயாவது சொல்லித் தொலையேண்டா."

"லிஜி சொல்லட்டும், சொல்றேன்."

"உன் பேரு நாறுதுடா."

"என் பேரை நான்தானே சேச்சி பதினொரு மெஷின்ல போட்டேன்."

அன்றைக்கு நானும் அழுதேன்.

இப்படியே ஐந்து வாரம். லிஜிக்கு விசா வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அவளே கடிதத்தை மேஜையில் வைத்துச் சொன்னாளாம். ரோயி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். புருஷன் மஸ்கட்டிலிருந்து போனில் கத்தினான். கடைசியில் மாமியார்தான், "போகட்டும்டா, என்னைப் பார்க்க ஒரு ஆளை வை. நான் இருக்கிறதுக்காக இவ எத்தனை நாள் இங்க கிடப்பா" என்றாராம். திரையிலிருந்து போனது என்ன என்று ரோயிக்கு அப்போதே புரிந்திருக்கும். ஆனால் சந்தையில் சொன்னதைச் சந்தையில் போய்த் திரும்ப எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பேக்கரியில் கூட்டம் நெரியும் நேரத்தில், லிஜி லாப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். கூடவே ஜின்ஸி. இருவரும் எங்கேயோ பேசிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஜின்ஸி என் கடைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லிஜி முக்காலியை மேஜைப் பக்கத்திலிருந்து இழுத்து வாசலில் போட்டாள். படியில் ஏறுகிறவர், இறங்குகிறவர், கீழே பப்ஸுக்கு நிற்கிறவர் எல்லாருக்கும் தெரியும்படி அதில் உட்கார்ந்தாள்.

"புது நம்பர் வாங்கிட்டேன் டெல்சன் சேட்டா, என் பேர்ல. இப்ப எனக்கு ஒரு அக்கவுண்ட் போட்டுக் கொடுங்க."

ஒரு மணி நேரம் வேலை நடந்தது. ஒவ்வொரு கேள்வியையும் அவன் பழையபடி வாய்விட்டுப் படித்தான், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னாள், அவன் அழுத்தினான். அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். படியில் ஆறேழு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சது. இப்ப இதுல என் பேரு எங்கயும் இல்ல. உன் பேரு மட்டும்தான். பாஸ்வேர்டை நீயே போடு" என்று சொல்லிவிட்டு டெல்சன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"திரும்ப வேண்டாம் சேட்டா" என்றாள் லிஜி, படி முழுக்கக் கேட்கும்படி. "நீங்க பார்த்தா எனக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கு இருக்கு. நீ போடு."

அவள் தட்டினாள். தட்டும் சத்தம் நிற்கும்வரை அவன் பேக்கரி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.